கடல்நாய் தள்ளிவிட்ட கல்

உலகத்தின் தென்கோடியிலும் ஆறு ஓடிய அந்தக் காலத்தில், கடல்நாய்களும் பெங்குவின்களும் மரநிழலில் படுத்துக் கதை பேசிக்கொண்டிருந்தன. பனி என்றால் என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியாது. குளிர்காற்று நடுமலைக் குகைக்குள் கிடந்தது. குகை வாசலை ஒரு பெரிய கல் அடைத்திருந்தது.

கரையோரம் ஒரு இளம் கடல்நாய்க்குத் தலைச்சன் குட்டி பிறந்திருந்தது. பத்தாம் நாள் குட்டியின் உடம்பு சுட்டது. தாய் மூக்கை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். திரும்பவும் வைத்துப் பார்த்தாள்.

"பால் குடிக்க மாட்டேங்குதுக்கா," என்றாள் பக்கத்துப் பெங்குவினிடம்.

"நேத்து தும்மினதுக்கும் இப்படித்தான் ஓடி வந்தே. அஞ்சு வளர்த்தவ சொல்றேன், பொழுது சாஞ்சா சூடு இறங்கிடும்."

தாயால் பொழுது சாயும்வரை இருக்க முடியவில்லை. குட்டியின் மூச்சை எண்ணினாள். நடுவில் ஒன்று தவறியது போலிருந்தது. வயிற்றால் இழுத்து இழுத்து மலையேறிக் கல்லைத் தட்டினாள்.

"அண்ணா, என் பிள்ளைக்குக் காய்ச்சல். கொஞ்சம் வந்து ஊதிட்டுப் போங்க."

உள்ளிருந்து காற்று சொன்னது: "வர்றேன்மா. ஆனா எனக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது. வந்தா வந்ததுதான். கீழே எல்லாரையும் கேட்டுட்டு வா."

கேட்டுவிட்டு வருவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? அவள் கல்லைத் தள்ளிவிட்டாள்.

காற்று சரிவில் இறங்கியது. தாயும் அதன் பின்னாலேயே சறுக்கிக் கரைக்கு வந்தாள். குட்டியின் உடம்பு குளிர்ந்தது. கண் திறந்து, வயிறு முட்டப் பால் குடித்து, துள்ளிப்போய்க் கடலில் குதித்தது.

"போதும்ணா," என்றாள் தாய்.

"அதான் அப்பவே சொன்னேனே."

ஆறு நின்ற இடத்திலேயே கெட்டியானது. மரங்கள் வெள்ளைக்கு அடியில் போயின. சூரியன், "என்னால முடியாதும்மா, இனி வருஷத்துல பாதிதான் வருவேன்," என்று வடக்கே நகர்ந்தான்.

"யாரைக் கேட்டுடி திறந்தே?" என்று பெங்குவின் கத்தினாள்.

தாய்க்கு அது காதில் விழவில்லை. கடலும் மூடிக்கொண்டிருந்தது, குட்டி அதற்கடியில்.

பனிக்குக் கீழே ஒரு சின்ன நிழல் முட்டி முட்டிப் பார்த்தது. அவள் பல்லால் கடித்தாள். ஈறு கிழிந்தது. கடைசியில் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு துளை விழ, குட்டி மேலே வந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டது. அதற்குள் துளையின் ஓரம் உறையத் தொடங்கியது. திரும்பவும் கடித்தாள்.

அன்று முதல்தான் தென்கோடி நிலம் பனிக்கு அடியில் கிடக்கிறது. மலையிலிருந்து காற்று ஓயாமல் கடலைப் பார்த்து இறங்குகிறது. சூரியன் வராத மாதங்களிலும் கடல்நாய்த் தாய், குட்டி மூச்சுவிடும் துளை மூடிவிடாமல், பல் தேயத் தேயப் பனியைக் கடித்துக்கொண்டே இருக்கிறாள்.