முள்ளை மூடிய இலை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் பேசித் திரிந்தபோது, சிட்டு தன் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கள்ளிவேலியில். புழுவோடு சேர்த்து விழுங்கிய முள் அவள் தொண்டையில் நின்றுவிட்டது.

"வைத்தியரை வரச் சொல்றேன். அசையாம இரு" என்று சொல்லிவிட்டுத் தபால் மரத்துக்குப் பறந்தான். கீரி வைத்தியர் எந்தப் புதரில் இருப்பார் என்பது தபால்கார மரங்கொத்திக்குத்தான் தெரியும்.

எழுத்து இல்லாத காடு அது. எல்லாருடைய சேதிகளையும் பொருள்களாக ஒரே நாரில் வரிசையாகக் கோத்துக் கொடுப்பார்கள். ஒருவருக்கான சேதி முடிந்து அடுத்தவருக்கானது தொடங்கும் இடத்தில் ஒரு முள் இருக்கும். மரங்கொத்தி அந்த இடத்தில் நாரை வெட்டுவார். சிட்டு மனைவியின் இறகைக் கோத்தான். பிறகு தொண்டையில் சிக்கியதற்கு ஒரு முள், உடனே வரச்சொல்லி ஒரு குன்றிமணி.

மரங்கொத்தி வழக்கம்போல் முள்ளில் வெட்டினார். இறகு வைத்தியருக்குப் போனது. "அன்பளிப்பு போல" என்று அவர் அதை வளையில் செருகிக்கொண்டார். குன்றிமணி, நாரில் அடுத்த சேதிக்குரிய மயிலாருக்குப் போனது. எங்கே போவதென்று தெரியாமல் அவர் காடு முழுக்க ஓடினார். சிட்டு திரும்பியபோது அவள் வேலியடியில் கிடந்தாள்.

மறுநாளே தபால் மரத்துக்கு வந்துவிட்டான்.

"இனிமே முள்ளுக்குப் பதிலா கல்லை வைப்போமா தம்பி?" என்றார் மரங்கொத்தி.

"நாளைக்கு ஒருத்தர் கல்லையே அனுப்பினா?"

"அப்ப எலும்பு?"

"நரி சும்மா விடுமா அண்ணே? முள்ளே இருக்கட்டும்."

சேதியில் வரும் முள்ளை அவன் இலையில் சுருட்டினான். காற்று பிரித்தது. பிசின் போட்டு ஒட்டினான். மழை கரைத்தது.

"ஒரு பொட்டலத்துக்கு இவ்வளவு பாடா?" என்று மயிலார் சிரித்தார். சிட்டு நிமிரவில்லை. இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, சிலந்தி நூலை இழுத்துத் தைத்தான். நூல் பிடித்தது.

"உள்ள என்னப்பா?" என்றார் மரங்கொத்தி.

"எதுவா இருந்தா உங்களுக்கென்ன? இலைக்கு வெளிய நிக்கிற முள்ளுல மட்டும் வெட்டுங்க."

அந்த மழைக்காலத்தில் கவுதாரியின் குஞ்சு முள்ளை விழுங்கியது. சிட்டு தைத்துக் கொடுத்த சேதி முழுசாகப் போய்ச் சேர, வைத்தியர் ஓடிவந்தார். குஞ்சு பிழைத்தது. போகும்போது அவர் அந்தப் பழைய இறகைச் சிட்டிடம் கொடுத்தார்.

அன்று முதல்தான் சிட்டு தையல்சிட்டானது. தபால் மரம் போய் மின்னஞ்சல் சர்வர் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அதன் அமைப்புக் கோப்பில், அன்றைய முள்ளைப் போல மதிப்புகளைப் பிரிக்கும் காற்புள்ளி ஒரு மதிப்புக்குள்ளேயே வந்துவிட்டால், அந்த மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் பொதிந்து வைக்கிறார்கள். தையல்சிட்டு இன்றும் இலையைத் தைத்துத்தான் கூடு கட்டுகிறது. உள்ளே பஞ்சு இருக்கும், பஞ்சுக்கு நடுவே ஓர் இறகு இருக்கும்.