மிளகியை அளந்த கோல்

அந்தக் காலத்தில் நாய்களுக்கும் வாய் இருந்தது. குரைக்க மட்டுமா, நியாயம் கேட்கவும்தான்.

ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. தன் வேட்டை நாயை நிறுத்தி, அதன் முதுகு உயரத்துக்கு ஒரு கோலில் கோடு கிழித்தார். மூன்று சாண். கோட்டைத் தொட்டால் காவல் நாய், தொடாவிட்டால் மடி நாய் என்று சட்டம் போட்டார். மடி நாயெல்லாம் அரண்மனை மெத்தைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு கழுத்திலும் ஓலைச்சீட்டு வேறு! நாய்களை ஒரு வார்த்தை கேட்டாரா? அதெல்லாம் கிடையாது.

ஆடு மேய்க்கும் வீரக்காளின் பட்டியில் மிளகி என்றொரு குட்டை நாய் ஆறு வருஷமாகக் காவல் இருந்தது. அதன் குரல் கேட்டாலே நரிகள் அடுத்த ஊர் வழியாகச் சுற்றிப்போகும். அந்தப் பட்டிக்கும் அளவுக்காரர் சடையப்பர் கோலோடு வந்து சேர்ந்தார்.

"ஐயா, இது போயிட்டா என் ஆடுகளுக்கு யாரு கதி?" என்று வீரக்காள் கண் கலங்கினாள்.

"சட்டம்னா சட்டம்தாம்மா" என்று சடையப்பர் கோலை ஊன்றினார். மிளகியின் முதுகு ஒன்றரைச் சாணுக்குமேல் போகவில்லை. "மடி" என்று ஓலையில் எழுதத் தொடங்கினார்.

மிளகி அவர் முன்னால் பாய்ந்து நின்றது. மெத்தையாம் மெத்தை! ஆட்டுவாசம் இல்லாத இடத்தில் அதற்குத் தூக்கம் வருமா?

"நில்லுங்க ஐயா. உங்க உயரத்தை எப்படி அளப்பீங்க?"

"நிமிர்ந்து நின்னுதான்."

"அப்போ நானும் நிமிர்ந்து நிக்கிறேன்" என்று மிளகி பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலை அவர் முழங்காலில் ஊன்றியது. மூக்கு நுனி கோட்டை உரசியது.

"இது செல்லாது! நாலு காலில்தான் நிக்கணும்!"

"சரி. நீங்களும் நாலு காலில் நில்லுங்க, பார்ப்போம்."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்க்காரர்கள் "நில்லுங்க, நில்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். வீம்புக்குச் சடையப்பரும் கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்தார். மிளகி கோலைக் கவ்வி அவர் பக்கத்தில் நிறுத்தியது. முதுகு கோட்டுக்கு நாலு விரல் கீழே!

"ஐயோ, ஐயாவும் மடிதானா!" என்று வீரக்காள் சிரித்த சிரிப்பில் ஆடுகளே மிரண்டன. சடையப்பர் எழுந்து, மண்ணைத் தட்டி, ஓலையைக் கிழித்துப்போட்டார். மறு ஓலையில் "காவல்" என்று எழுதித் தன் கையாலேயே கட்டிவிட்டார்.

அன்று முதல்தான் சின்ன நாய்கள் யாரைக் கண்டாலும் பின்னங்காலில் எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சச் சொல்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது, "எங்கே, இப்போது அள!" என்கிறது.