தளவாய் ஆடிய சர்வதேச நடனம்

மருதங்காவல் ராஜாவுக்கு விருந்தாளி வந்துவிட்டால் போதும், வாய் நிற்காது. அந்த வருஷம் ஊர் ஊராகக் கப்பலேறி வந்த ஆட்டக்காரர்கள் அரண்மனையில் இறங்கியிருந்தார்கள். ஸ்பெயின்காரி தரையைக் குதிகாலால் தட்டினாள். துருக்கியர் பம்பரமாகச் சுழன்றார். ரஷ்யர் குந்தியபடியே காலை உதைத்தார். ஆப்பிரிக்காவின் மசாய் வீரர் நின்ற இடத்திலேயே வானத்துக்கு எம்பினார். பாலித் தீவுக்காரி கண்ணை உருட்டியே சபையை மயக்கினாள்.

ராஜாவுக்குப் புல்லரித்துப் போயிற்று. அரண்மனை விகடகவியை மாட்டிவிடச் சமயம் பார்த்திருந்த தளவாய் சூரப்பர் அவர் காதில் ஓதினார்.

"இதெல்லாம் நம் விகடகவி குழைக்காதனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, மகாராஜா!"

ராஜா உடனே எழுந்து, "இத்தனை ஆட்டத்தையும் ஒருசேர ஆட எங்களிடம் ஆள் உண்டு. நாளைக்குப் பாருங்கள்!" என்று முழங்கிவிட்டார்.

குழைக்காதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவம், அவனுக்குக் கோலாட்டம்கூடத் தெரியாது.

"மகாராஜா, அடியேன்..."

"ஆடு. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு. விருந்தாளிகள் முன் என் மானம் போகக்கூடாது."

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. ஆடப்போகிறவர் இடுப்பில் பட்டுக்கச்சை கட்டி மரியாதை செய்வது அந்தச் சபை வழக்கம். தட்டில் கச்சை வந்தது.

"நானே பார்த்துப் பார்த்து மடித்துவைத்தேன்" என்றார் தளவாய். சொன்னவர் தட்டிலிருந்து நாலடி தள்ளியே நின்றார்.

குழைக்காதன் தட்டை உற்றுப் பார்த்தான். மடிப்பிலிருந்து ஒரு முசுறு எட்டிப் பார்த்தது. முசுறு என்றால் மாமரத்துச் சிவப்பெறும்பு. ஒன்று கடித்தாலே உயிர் போய்விடும் போலிருக்கும். உள்ளே முழுக் கூடே இருந்தது!

அவன் பதறிப்போனவன் போலக் காலில் விழுந்தான்.

"மகாராஜா! தளவாய் இருக்கையில் நான் கச்சை கட்டுவதா? முதல் மரியாதை அவருக்கல்லவா?"

சபை தலையாட்டியது. தனக்கு முதல் மரியாதை தரவில்லையென்று போன மாதம்தான் தளவாய் கோயில் தேரையே ஓடவிடாமல் மறித்திருந்தார்.

"நியாயம்தான். கட்டு!" என்றார் ராஜா.

தளவாய்க்கு வியர்த்தது. வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள். என்ன சொல்வார்?

"அப்போ ஆட்டம்?" என்றார் ராஜா.

"கச்சை ஏறினால் ஆட்டம் தானாக வரும், மகாராஜா" என்ற குழைக்காதன், கையில் கடித்ததைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தளவாய் இடுப்பில் இறுக்கிக் கட்டினான்.

தளவாய் சிலையாக நின்றார். பிறகு ஒரு குதிகால் தட்டியது. அடுத்த காலும் தட்டியது.

"ஐயோ, எங்கள் ஆட்டம்!" என்று ஸ்பெயின்காரி கூவினாள்.

"அம்மா!" என்று அலறிச் சுழன்றார் தளவாய். துருக்கியர் கைகூப்பினார். தளவாய் குந்தினார், உதைத்தார். ரஷ்யர் விசிலடித்தார். தளவாய் எம்பினார் பாருங்கள், தலைப்பாகை போய் உத்தரத்தில் மாட்டிக்கொண்டது! மசாய் வீரரே வாய் பிளந்தார். தளவாயின் கண் இரண்டும் உருண்ட உருட்டலில் பாலிக்காரி பொறாமைப்பட்டாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பூரித்துப்போன ராஜா முத்துமாலையைக் கழற்றினார்.

"குழைக்காதா, நீ மூட்டை கட்ட வேண்டாம், இங்கேயே இரு. முதலில் இந்த மனிதருக்கு இவ்வளவும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்த ஆசான் யார்? கூப்பிடு, என் கையாலேயே மாலை போடுகிறேன்!"

"ஆசான் ஒருவரில்லை, மகாராஜா. ஒரு பட்டாளமே உண்டு. எல்லோரும் இன்னும் கச்சைக்குள்தான் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மாலையை மட்டும் தூர நின்று வீசுங்கள். கையை நீட்டினால் உங்களையும் சிஷ்யராகச் சேர்த்துக்கொள்வார்கள்!"