கூரைமேல் படகு

நெடுமாடத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலும் ஒரு படகைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதைத் தாங்குவதற்கென்றே மாடியில் இரண்டு கல் முட்டுகள் இருக்கும். ஆடி பிறந்ததும் வீட்டோடு மாடியேறி அதற்கு எண்ணெய் பூசுவார்கள். ஏன் என்று கேட்டால், எப்போதும் பூசுவதுதானே என்பார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது.

அவ்வூர் அமைச்சர் மாறநம்பி ஒரு நாள் விடியும் முன்பே ஏரிக்கரைக்கு வந்தார். அங்கே குடிசை போட்டிருந்த உலகம்மைதான் அவருடைய குரு. வயதில் அவரைவிட இளையவர். நரைத்த தலையோடு அமைச்சர் தன் காலில் விழும்போதெல்லாம் அந்த அம்மாளுக்குக் கூச்சமாக இருக்கும்.

"என்ன அமைச்சரே, பொழுது விடியறதுக்குள்ள?"

"உங்க படகைக் கேட்டு வந்தேன் அம்மா."

"எதுக்கு?"

மாறநம்பி உற்சாகமாகச் சொன்னார். ஊர்ப் படகுகளை எல்லாம் மாடியிலிருந்து இறக்கியாகிவிட்டது. இன்று பொழுது ஏறியதும் தச்சர்கள் அறுக்கத் தொடங்குவார்கள். அத்தனை பலகையும் சேர்த்து ஒரு தேர். அப்படி ஒரு தேரை உலகம் பார்த்திருக்காது. ஊருக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தன் வீட்டுப் படகை நேற்றே அறுக்கக் கொடுத்துவிட்டார். குருவின் படகும் அதில் சேர்ந்தால் மனசு நிறைந்துவிடும்.

"உங்க பொண்ணு பிள்ளை பெத்து வந்திருக்காளே, அந்த வீட்டுப் படகா?"

"அதேதான்."

"வெள்ளம் வந்தா?"

அமைச்சர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் அந்தக் காலம் அம்மா. பாவம், அவங்ககிட்ட என்ன இருந்தது? மழை பெஞ்சா வானத்தைப் பாத்துக் கும்பிட்டாங்க. நம்மகிட்ட கருங்கல் கரை இருக்கு, மதகு இருக்கு, மலைமேல காவல் இருக்கு. அதுக்காகப் பழசை மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. தேர் முகப்புல அந்த வெள்ளத்தையே செதுக்கச் சொல்லியிருக்கேன். ஒரு தாய் கைக்குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருப்பா. பாத்தா கண்ணுல தண்ணி வந்துரும்."

"அப்படியா? படகைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏரியில போயிட்டு வந்துரலாம், வாங்க."

உலகம்மைதான் துடுப்புப் போட்டார். கொஞ்ச தூரத்திலேயே பனியில் கரை மறைந்தது. பிறகு வானமும் மறைந்தது. எல்லாப் பக்கமும் ஒரே வெண்மை. துடுப்பின் சத்தம் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தது. அமைச்சருக்குக் கண் சொக்கியது. தூங்கினாரா, விழித்திருந்தாரா என்று பிற்பாடு அவராலேயே சொல்ல முடியவில்லை.

"கீழே பாருங்க."

ஏரிக்கு அடியில் ஒரு பழைய ஊர் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார்கள். அந்த ஊர் இருந்தது.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. தெருத்தெருவாகத் தெரிந்தது. மீன்கள் ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னலில் வெளியே வந்தன. ஒரு வீட்டு முற்றத்தில், யாரோ இப்போதுதான் எழுந்துபோனதுபோல, ஊஞ்சல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அமைச்சருக்குப் பயமே வரவில்லை. எவ்வளவு அழகான ஊர் என்றுதான் தோன்றியது.

ஊரைச் சுற்றி ஒரு கருங்கல் கரை ஓடியது.

"நம்ம கரையைவிட அகலமா இருக்கே அம்மா."

"ஆமா."

"மதகும் இருக்கு."

"இருக்கு."

படகு வீடுகளுக்கு மேலாக நகர்ந்தது. மொட்டைமாடிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு கல் முட்டுகள். ஒன்றின்மேலும் படகு இல்லை.

பெரிய தெருவின் நடுவில் ஒரு தேர் நின்றது. அப்படி ஒரு தேரை அவர் பார்த்ததில்லை. அதன் பலகைகள் ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் படகின் வயிற்றைப்போல் வளைந்திருந்தன. முகப்பில் பெருவெள்ளம் ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். ஜனங்கள் முண்டியடித்துப் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தாய், கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிஞ்சு விரல்கள்கூடத் தெரிந்தன.

அவர் சொன்னபடியே கண்ணில் தண்ணீர் வந்தது.

"இவங்களுக்கும் முன்னாடி ஒரு வெள்ளம் வந்திருக்கா அம்மா?"

"வந்திருக்கு. மறக்கலை பாருங்க. எவ்வளவு நல்லா செதுக்கியிருக்காங்க!"

பனி விலகியது. கீழே கலங்கலான பச்சைத் தண்ணீர்தான் இருந்தது. கரை வந்ததும் உலகம்மை இறங்கி, படகின் கயிற்றை அமைச்சரிடம் நீட்டினார்.

"இந்தாங்க, கேட்டீங்களே. எடுத்துட்டுப் போங்க."

மாறநம்பி படகைவிட்டு இறங்கவில்லை. இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தேருக்கு வேண்டாம் அம்மா. என் வீட்டு மாடிக்குக் கொண்டுபோறேன். பேரன் இருக்கான்."

"தாராளமா. ஊர்ல மத்த மாடிக்கெல்லாம்?"

ஊர்ப் பக்கமிருந்து காற்றில் ரம்பச் சத்தம் வரத் தொடங்கியது. முதலில் ஒன்று. பிறகு பல.

"இறக்கச் சொன்னதே நான்தான். இப்பப் போய் மறுபடி ஏத்துங்கன்னு சொன்னா ஊரே சிரிக்கும் அம்மா."

உலகம்மை கயிற்றை அவர் மடியில் போட்டார்.

"கீழே சிரிப்புச் சத்தம் ஏதாவது கேட்டுச்சா, அமைச்சரே?"