கஸ்மீர் நின்ற இடம்

கடலோரத்தில் கொடித்துறை என்று ஓர் ஊர். கோயிலுக்குப் பின்னால் அதற்கு ஒரு மைதானம் இருந்தது, பாதி புல்லும் பாதி மணலுமாக. அந்த மைதானத்தில் ஒரு பந்து ஒரு காலத்தில் மிகவும் நிம்மதியாக வாழ்ந்துவந்தது.

தான் எங்கே போகப்போகிறோம் என்பது அதற்கு எப்போதும் தெரியும். அதுதான் அதன் நிம்மதி. நடுவில் இஞ்ஞாசி நிற்பான். பந்து அவன் காலுக்கு வரும். அவன் தலையைக்கூட நிமிர்த்த மாட்டான். வலது ஓரத்துக்கு ஓங்கி ஓர் அடி. அங்கே கஸ்மீர் ஓடி வந்துகொண்டிருப்பான். அவன் அதை கோலுக்கு முன்னால் தூக்கிப் போடுவான். அங்கே நெடுநெடுவென்று வளர்ந்த ததேயுஸ் எம்பி நெற்றியால் முட்டுவான். வலை குலுங்கும். எதிரணிகளுக்கும் இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கஸ்மீரை ஓடிப் பிடிக்க மாவட்டத்தில் ஆள் இல்லை.

ஒரே வருடத்தில் இரண்டு பேரும் போனார்கள். கஸ்மீரை கொச்சியில் ஒரு பெரிய கிளப் எடுத்துக்கொண்டது. ததேயுஸுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. ஊர் வெடி போட்டு, மாலை போட்டு வழியனுப்பியது. கஸ்மீரின் பெட்டியை பஸ் வரைக்கும் இஞ்ஞாசிதான் தூக்கிப் போனான். சின்ன வயதிலிருந்து ஒருவன் அடிக்க, ஒருவன் ஓட என்றே வளர்ந்தவர்கள். பஸ் கிளம்பும்போது "போயிட்டு வா மக்கா" என்று இஞ்ஞாசி கையை ஆட்டினான்.

அன்று மாலை மைதானத்தின் வலது ஓரத்தில் காலியிடம் பிறந்தது.

அந்த வருடத்தின் முதல் மேட்ச். பந்து இஞ்ஞாசியின் காலுக்கு வந்தது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. வலது ஓரத்துக்கு ஓங்கி ஓர் அடி. பந்து வழக்கம்போல் சந்தோஷமாகப் பறந்து போய், தரையில் குதித்து, சுற்றுமுற்றும் பார்த்தது.

"கஸ்மீரு எங்க?" என்று கேட்டது.

"இல்ல" என்றது காலியிடம்.

"நீ யாரு?"

"நான் காலியிடம். புதுசா வந்திருக்கேன்."

"சரி, என்னை எடுத்துக் கோலுக்கு முன்னால போடு. சீக்கிரம், பின்னால ஆள் வாறான்."

"எப்படிப் போட? எனக்குக் காலா இருக்கு?"

இந்தப் பேச்சு முடிவதற்குள் பந்து உருண்டு கோட்டைத் தாண்டிவிட்டது. எதிரணிக்கு த்ரோ. கொஞ்ச நேரத்தில் பந்து மறுபடி இஞ்ஞாசியின் காலுக்கு வந்தது. மறுபடி அதே அடி.

"திரும்பவும் வந்திருக்கேன்" என்றது பந்து.

"தெரியுது."

"எதுக்கு என்னை உன்கிட்டயே அனுப்புதான்?"

"அதை அனுப்புதவன்கிட்ட கேளு" என்று சொல்லிக் காலியிடம் ஒதுங்கிக்கொண்டது. பந்து மறுபடி கோட்டைத் தாண்டியது.

அன்று கொடித்துறை தோற்றது. அடுத்த மேட்ச்சிலும் தோற்றது. எதிரணி கோல் வலை காற்றில் சும்மா ஆடிக்கொண்டு, "கடலுக்குள்ள போன வலைகூட இத்தனை நாள் வெறுங்கையோட இருந்ததில்ல" என்று அலுத்துக்கொண்டது.

கோச் ரெத்தினம் மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, இரண்டு ஆட்களால் அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. செல்வினைக் கூப்பிட்டு கஸ்மீரின் ஏழாம் நம்பர் ஜெர்சியைக் கொடுத்தார். செல்வின் குட்டையன், இடது கால்காரன். ஜெர்சி அவனுக்குத் தொடை வரை தொங்கியது.

"கஸ்மீரு மாதிரி ஓடு. கஸ்மீரு மாதிரி தூக்கிப் போடு. வேற ஒண்ணும் யோசிக்காத" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், எனக்கு வலது கால்..."

"யோசிக்காதன்னு சொன்னேன்லா?"

செல்வின் ஓடினான். ஆனால் இஞ்ஞாசி அடித்த தூரம் கஸ்மீரின் கால்களுக்கான தூரம். செல்வின் மூச்சு வாங்கப் போய்ச் சேரும்போது பந்து கோட்டுக்கு வெளியே கிடந்தது. ஊரே தலையில் அடித்துக்கொண்டது.

"இப்பதான் ஆள் வந்தாச்சே" என்று பந்து காலியிடத்திடம் எரிந்து விழுந்தது. "இன்னும் ஏன் நீ இங்க இருக்க?"

"அவன் எனக்குள்ளதான் நிக்கான்" என்றது காலியிடம். "ஆனா அவனை ஒருத்தரும் பாக்கலியே. எல்லாரும் கஸ்மீரைத்தான் பாக்காங்க. நான் எங்க போக?"

அடுத்ததாக மாஸ்டர் செல்வினைத் ததேயுஸ் இடத்துக்கு மாற்றினார். இப்போது பந்துகள் அவன் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. வலது ஓரத்துக்கு ஒருவன் வந்தான், அவன் போய் இன்னொருவன் வந்தான். ஜெர்சிதான் ஆள் மாறியது. இஞ்ஞாசியின் அடி மாறவில்லை.

பந்துக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மேட்ச்சில் அது கடற்காற்றிடம் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை என்னை வேற பக்கம் திருப்பிவிடு." காற்றும் இரக்கப்பட்டுத் திருப்பிவிட்டது. பந்து வளைந்து போய், தன்னந்தனியாக நின்ற பெர்க்மான்ஸின் காலடியில் விழுந்தது. பெர்க்மான்ஸ் வலது பக்க பேக். தடுப்பதுதான் அவன் வேலை. முன்னால் பத்துப் பதினைந்து கெஜத்துக்கு ஒருவரும் இல்லை. ஓடியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லாத அவன் பதறிப் போய்ப் பந்தை யாரிடம் கொடுத்தான்? இஞ்ஞாசியிடம். இஞ்ஞாசி தலையை நிமிர்த்தவில்லை. ஓங்கி ஓர் அடி.

"வாயே திறக்காத" என்று காலியிடத்திடம் சொல்லிவிட்டுப் பந்து நேராகக் கோட்டுக்கு வெளியே போய் முள்செடிக்குள் படுத்துக்கொண்டது.

அந்த மேட்ச்சும் தோற்ற பிறகு பெர்க்மான்ஸ் பூட்ஸைக் கழற்றி எறிந்தான்.

"எலே இஞ்ஞாசி! ஒரு ஆள் இல்லாத இடத்துக்கு யாருக்குல அடிக்க?"

"கஸ்மீருக்கு" என்றான் இஞ்ஞாசி. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அவன் போயிட்டாம்ல."

"தெரியும். காலு கேக்க மாட்டேங்குது."

"அப்ப அந்தக் காலைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு பெர்க்மான்ஸ் வெறுங்காலோடு நடந்தான்.

இன்னும் ஒரே மேட்ச் பாக்கி, மேலக்கரை அணியோடு. தோற்றால் மட்டுமல்ல, டிரா ஆனாலும் கொடித்துறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் கிளப் நிலைக்காது. பாதிப் பேர் ஏற்கெனவே பக்கத்து ஊர் அணிகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஊர் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் இஞ்ஞாசி மைதானத்துக்கு வந்தான். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலது ஓரத்துக்குப் போனான். எத்தனையோ வருடமாக அந்த இடத்துக்குப் பந்து அனுப்பியிருக்கிறான். ஒரு தடவைகூட அங்கே போய் நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தால் நடு மைதானம் இவ்வளவு தூரமா என்று இருந்தது.

"வந்துட்டியா?" என்றது காலியிடம்.

இஞ்ஞாசி திடுக்கிட்டான். "யாருல அது?"

"நீ இத்தனை நாளாப் பந்து அனுப்புத ஆளு."

இஞ்ஞாசி பஸ் போன திசையைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "அவன் எப்ப வருவான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் விட்டுட்டுப் போன இடம். அவன் போய்ச் சேர்ந்த இடம் இல்ல."

"உன்கிட்ட அடிச்சா... அவன் ஓடி வாற மாதிரியே இருக்கு."

"உனக்கு இருக்கு. எனக்கு இல்ல. இந்தப் பந்தைக் கேளு, அது ஒவ்வொரு தடவையும் என்ன பாடுபடுதுன்னு" என்றது காலியிடம். "நான் உன்னை என்ன கேட்டேன்? பந்து கேட்டேனா? ஆள் கேட்டேனா? நான் சும்மா கிடக்க இடம். இங்க யாராவது வந்தா, வந்த பிறகு அனுப்பு. வரலன்னா என்னை விட்டுடு. இது ஒரு பெரிய விஷயமா?"

கக்கத்தில் இருந்த பந்து, "அப்படிச் சொல்லு" என்றது.

இஞ்ஞாசி அந்த மணலில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டில் அழாததை அங்கே அழுதான். 

கடைசி மேட்ச்சுக்கு மேலக்கரையிலிருந்து லாரியில் ஆள் வந்தது. கொடித்துறை எங்கே அடிக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்துக்குக் காவலே வேண்டாம், பந்து தானாகவே வெளியே போய்விடும் என்று அங்கே நிற்க வேண்டியவனையும் முன்னால் அனுப்பிவிட்டார்கள். காலியிடம் முன்னைவிடப் பெரிதாக விரிந்து கிடந்தது.

பந்து இஞ்ஞாசியின் காலுக்கு வந்தது.

"வலது! வலது!" என்று ஊர் கத்தியது.

இஞ்ஞாசி காலைத் தூக்கினான். பந்து கண்ணை இறுக மூடிக்கொண்டது. அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், இஞ்ஞாசி தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். பந்துக்கு அவன் முகம் முழுசாகத் தெரிந்தது அப்போதுதான்.

ஆனால் நிமிர்ந்து பார்த்துப் பழகாதவனுக்கு, பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் யோசிப்பதற்குள் மேலக்கரைக்காரன் ஒருவன் பந்தைப் பிடுங்கிப் போனான். இரண்டே பாஸில் கோல்.

ஊர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியது. "அடிக்காம என்னல பாக்குத? வானத்துல கப்பலா போவுது?" ரெத்தினம் மாஸ்டர் பெஞ்சில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் பந்து மறுபடி இஞ்ஞாசியிடம் வந்தது. மறுபடி அவன் அடிக்காமல் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் நின்ற பெர்க்மான்ஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அடில! எங்கயாவது அடில!" என்று கத்திக்கொண்டே தன் இடத்தை விட்டு ஓடி வந்தான். இஞ்ஞாசியின் மண்டையில் ஒன்று வைக்கவேண்டும் என்ற வேகம். அந்த வேகத்தில் அவனைத் தாண்டியும் போய்விட்டான். நின்று திரும்பினால், வலது ஓரத்தில் நட்ட நடுவாக நிற்கிறான். சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை.

"வந்துட்டான்" என்றது காலியிடம்.

இஞ்ஞாசி பார்த்தான். கஸ்மீரின் வேகம் இல்லாதவன், வேர்த்து வழிகிறவன், கோபத்தில் முகம் சிவந்தவன். அவனுக்குத் தகுந்த தூரத்துக்கு, மெதுவாகத் தட்டிவிட்டான்.

பெர்க்மான்ஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடத் தெரியாது. கால்விரல் நுனியால் ஒரு குத்து குத்தினான். பந்து தரையை ஒட்டிச் சீறிப் போனது. அதை நெற்றியால் முட்ட ததேயுஸ் இல்லை. குட்டைச் செல்வின்தான் இருந்தான். தலைக்கு மேலே போகாமல் காலுக்கு வந்த பந்தை அந்த வருடத்தில் அன்றுதான் கண்டான். இடது காலை நீட்டினான். வலை குலுங்கியது.

"அப்பாடா" என்றது வலை.

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. அந்த நிமிடத்திலிருந்து ஊரின் கத்தல் மாறியது. "பெர்க்மான்ஸுக்கு அடி! பெர்க்மான்ஸுக்கு அடி!" பந்து யாரிடம் போனாலும் இதே கத்தல். பெர்க்மான்ஸோ கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மைதானத்தின் பாதியிலேயே உட்கார்ந்திருந்தான். மேலக்கரைக்காரர்களும் ஊரை நம்பி மூன்று பேரை வலது ஓரத்துக்கு அனுப்பினார்கள்.

"இப்ப இங்க நிக்க இடமில்ல" என்று காலியிடம் அலறியது. "இந்தப் பக்கம் வராத!"

"என்கிட்டச் சொல்லாத, அவன்கிட்டச் சொல்லு" என்றது பந்து.

சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. இஞ்ஞாசி வலது பக்கம் பார்த்தான், கூட்டம். நடுவே பார்த்தான், மூன்று பேர் விட்டுப் போன வழி திறந்து கிடந்தது. எப்போதும் பந்தை அனுப்பியே பழகியவன், அன்று பந்தோடு தானே போனான். ஓட்டம் அழகாக இல்லை. இரண்டு தடவை தடுக்கியது. கோல்கீப்பரின் காலில் பட்டுத் தெறித்த பந்தை முழங்காலால் இடித்துத்தான் உள்ளே தள்ளினான். ஆனால் கோல் கோல்தான். ரெஃப்ரி கடைசி விசில் ஊதியபோது கொடித்துறை முதல் பிரிவில் இருந்தது.

ரெத்தினம் மாஸ்டர் ஓடி வந்து மூன்று பேரையும் கட்டிப் பிடித்தார். கண்ணீரைத் துடைத்த கையோடு எங்கிருந்தோ ஒரு கம்பைப் பொறுக்கி, மணலில் குந்தி உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார்.

"எல்லாரும் இங்க வாங்க. இதுதான் நம்ம ஆட்டம். இஞ்ஞாசி இங்க நிக்கான். பெர்க்மான்ஸ் கத்திக்கிட்டே இப்படி வாறான். செல்வின் இங்க. அடுத்த வருஷம் எல்லா மேட்ச்சும் இதேதான். ஒரு அடி மாறக் கூடாது!"

பந்து காலியிடத்தைப் பார்த்தது. காலியிடம் பந்தைப் பார்த்தது.

"மாஸ்டர்" என்றான் பெர்க்மான்ஸ், காலை நீவிக்கொண்டே. "நான் வள்ளத்துல தங்கல் போறேன். ஆழ்கடலுக்கு, போனா நாள்கணக்கா கடல்லயேதான். அடுத்த வருஷம் பாதி மேட்ச்சுக்கு இருக்க மாட்டேன்."

மாஸ்டரின் கம்பு நின்றது. "அப்ப அங்க யாருல ஓடுவா?"

 மாஸ்டர் பெர்க்மான்ஸுக்காகப் போட்ட கோட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செல்வின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"மாஸ்டர்" என்றான் இஞ்ஞாசி, "முதல்ல அந்தக் கம்பைக் கீழ போடுங்க."