அத்தான், மணி மூணு, பார்த்துராதீங்க

கொட்டாவிப்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். தென்காசியில் பஸ் ஏறி, கண்டக்டர் உட்பட எல்லோரும் தூங்கி விழுகிற இடத்தில் இறங்கினால் அதுதான் ஊர். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் சும்மா கேட்டுக்கொண்டு இருங்கள், குடியா முழுகிவிடப் போகிறது.

அந்த ஊர்த் தண்ணித் தொட்டிக்குப் பூதத்தான்தான் ஆபரேட்டர். ஐந்து மணிக்கு மோட்டார் போட வேண்டும். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆறு மணிக்கு வால்வைத் திறக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதே வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, முழித்திருந்தால் போதும். பூதத்தானுக்கு அதுதான் முடியவில்லை.

ராத்திரி படுத்தால் குறட்டை. சும்மா குறட்டையா, அரிசி மில் தோற்றுப்போகும். ஓடிக்கொண்டே இருக்கிறது திடீரென்று நிற்கும். பத்து எண்ணுகிற வரை மூச்சுப் பேச்சு இருக்காது. அப்புறம் தண்ணிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினவன் மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. இப்படியே மூணு மணி வரை போகும். மூணு மணிக்குக் கண் முழித்தால் அவ்வளவுதான், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஊர் எழுந்திருக்கிற ஐந்தரைக்கு மோட்டார் ரூமில் சாய்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். தொட்டி வழியும். ஒரே மாதத்தில் மூன்று தடவை வழிந்தது. மூன்றாம் தடவை தண்ணீர் ரேஷன் கடைக்குள் புகுந்து, ஊருக்கு வந்த சீனியையெல்லாம் பாகாக்கிவிட்டது.

பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைப்பாண்டி கூட்டம் போட்டார். எதையும் எழுத்தில் வைத்தால்தான் அவருக்குத் திருப்தி. 'இனி ஒரு தடவை தொட்டி வழிந்தால் பூதத்தானுக்கு வேலை கிடையாது' என்று தீர்மானம் எழுதி, ஒரு நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒரு நகலைப் பூதத்தான் கையில் கொடுத்தார். பாவம் மனுஷன், வால்வைத் திறக்கிறதையும் மூடுகிறதையும் தவிர வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி இசக்கியம்மாள் கெட்டிக்காரி. அவளுடைய மூன்று தம்பிகளும் அதே வீட்டில் இருந்தார்கள் என்பதைத் தவிர அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. மூத்தவன் கொம்பையா, அடுத்தவன் சொள்ளமுத்து, கடைசி ஊய்க்காட்டான். மூன்று பேருக்கும் வயது நாற்பதை ஒட்டி. அத்தான் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். யார் என்ன சொன்னாலும் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

நான்கு பேரும் பூதத்தானைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு ராத்திரி முழுக்க ஒயர்களை மாட்டிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் இவருக்கு மணிக்கு முப்பது தடவை மூச்சு நிற்கிறது என்றார். கொம்பையா துண்டை வாயில் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான். தம்பிகள் பின்னாலேயே போனார்கள்.

"மூச்சு நின்னுட்டுன்னா என்னலே அர்த்தம்?"

"போய்ச் சேந்தாச்சுன்னு அர்த்தம்ணே."

"மணிக்கு முப்பது தடவை. எட்டு மணி நேரத்துக்கு எரநூத்தி நாப்பது. எரநூத்தி நாப்பது கருமாதிக்கு நாம எங்கலே போவ?"

ஊய்க்காட்டான் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தான். "கருமாதி வேண்டாம்ணே. விடியக்காலம் உசுரு வந்திருதுல்லா. வந்த மனுசனுக்குச் செஞ்சா கோவிச்சுக்கிட மாட்டாரா?"

இது நியாயமாகப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். ராத்திரி மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று மெஷின் தருவதாகவும், அது வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றும் டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் மூன்று காரியம் செய்யச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு நிற்பதை எண்ணி வைக்க வேண்டும். மூணு மணிக்கு முழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்கவிடக் கூடாது, பார்த்தால் வருகிற தூக்கமும் ஓடிப்போகும்.

அன்று சாயங்காலமே கட்டிலின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு ஆறு செங்கல் கொடுத்துத் தூக்கி, கட்டிலை ஒரு பக்கமாகச் சாய்த்தாயிற்று. பூதத்தான் ஏறிப் படுத்தார், உருண்டு விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். இடுப்பைத் தடவிக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்தால் ஆகாதா மாப்ளே என்று கேட்டார். தரையைச் சாய்க்க ஒரு நாளில் முடியாது அத்தான் என்று சொள்ளமுத்து சொல்லிவிட்டான். கடைசியில் வேட்டியைக் கிழித்து அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

அடுத்தது எண்ணிக்கை.

"நிக்கிறதை எப்படிண்ணே எண்ண? ஓடுறதைல்லா எண்ணலாம்?" என்றான் ஊய்க்காட்டான்.

"பஸ் நிக்கிறதை எண்ணலாமே."

"பஸ் நின்னா ஆள் இறங்கும். மூச்சு நின்னா யாருண்ணே இறங்குதா?"

வெகுநேரம் பேசி ஒரு வழி கண்டார்கள். மூச்சு நின்றதும் ஒருவன் "நின்னுட்டு" என்று சத்தம் கொடுக்க வேண்டியது, மற்றவன் ஒரு புளியமுத்தை டம்ளரில் போட வேண்டியது. சத்தம் கொடுத்தார்கள். கொடுத்த சத்தத்தில் பூதத்தான் ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்தார், கட்டு இழுத்து மறுபடி படுத்தார். டம்ளர் நிறைந்தது. டாக்டர் சொன்ன கணக்கைவிட நாலு முத்து கூட இருக்கிறது என்று விடிந்ததும் மூன்று பேருக்கும் பெருமை.

கடிகாரத்துக்கு வந்தார்கள். அதைத் திருப்பி வைத்துவிடலாம் என்றான் சொள்ளமுத்து. திருப்பி வைத்தால் மூணு மணி ஆனது யாருக்குத் தெரியும், மூணு மணி தெரியாமல் அத்தானை எப்படித் தடுப்பது என்று கேட்டான் கொம்பையா. ஆகவே கடிகாரத்தைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், ஊய்க்காட்டான் அதன் முன்னால் உட்கார்ந்தான். முள் சரியாக மூணில் நின்றதும் ஓடிவந்து பூதத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"அத்தான், மணி மூணு. பார்த்துராதீங்க."

பூதத்தான் பார்க்கவில்லை. விட்டத்தை மட்டும் பார்த்தார்.

ஒரு வாரத்தில் மெஷின் வந்தது. பூதத்தான் அதை மூக்கில் மாட்டினார். மாட்டின அன்றைக்கே குறட்டை போன இடம் தெரியவில்லை, மூச்சும் நிற்கவில்லை. இசக்கியம்மாள் ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீரான மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், கண் கலங்கிவிட்டது அவளுக்கு. சரியாக மூணு மணிக்கு ஊய்க்காட்டான் வந்து எழுப்பினான். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லவில்லையே. மறுநாளும் எழுப்பினான், அதற்கு மறுநாளும் எழுப்பினான். பூதத்தான் வறட்டி மாதிரி காய்ந்துபோனார். மோட்டார் ரூமில் உறங்கிவிடாமல் இருக்க இசக்கியம்மாளே கூடப் போய் அவரைக் கிள்ளிக்கொண்டு இருந்தாள்.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆபரேட்டருக்கு ஏதோ சீக்கு, வீட்டில் மெஷின் ஓடுகிறது என்று. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு மத்தியானம் தலைவர் புறப்பட்டார். அவர் தெருமுனையில் வருவதை இசக்கியம்மாள் பார்த்துவிட்டாள். சீக்காளி என்று தெரிந்தால் தொட்டி வழியும் வரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்கள். உள்ளே ஓடிவந்து தம்பிகளை வரிசையாக நிறுத்தினாள்.

"ஏலே, தலைவர் வாராரு. அவர் இங்கன இருந்து போற வரைக்கும் ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். வாயை மூடினார்கள். கூடுதல் பாதுகாப்புக்கு மூக்கையும் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர் வந்தார், நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் உட்கார்ந்தார். என்னப்பா சௌக்கியமா என்று கொம்பையாவைக் கேட்டார். கொம்பையா முகம் சிவந்தது. சொள்ளமுத்துவைக் கேட்டார், அவன் முகம் நீலம் பாரித்தது. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது, வீடு தேடி வந்தவனுக்கு ஒரு பதில் கிடையாதா என்று சத்தம் போட்டார். மூன்று பேரும் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வயதுப்படி முதலில் கொம்பையா, அடுத்து சொள்ளமுத்து, கடைசியாக ஊய்க்காட்டான் என்று வரிசை பிசகாமல் சாய்ந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்து மூன்று பேரையும் தென்காசிக்குக் கொண்டுபோயிற்று. விழுந்ததுமே மூச்சு தன்னால் வந்துவிட்டது, ஆனால் தலைவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியாததால் நினைவு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்று எழுதிவிட்டார்.

இங்கே வீட்டில் தலைவர் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூதத்தான் மெஷினைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"சீக்கு எனக்குத்தான் தலைவரே. மூணு மணிக்கே முழிப்பு வந்திருது. அப்புறம் அஞ்சரைக்கு உறங்கிருதேன்" என்று சொல்லிவிட்டு, வேலையை மட்டும் எடுத்துராதீங்க என்று அழுதார்.

வெள்ளைப்பாண்டி சும்மா தலைவர் ஆகவில்லை. தம்பிகளை முட்டாள் என்று சிரித்தீர்களே, இவர் படித்த முட்டாள். கால் மேல் கால் போட்டு யோசித்தார். ஆபரேட்டர் மூணு மணிக்கு முழித்திருக்கிறார். ஐந்தரைக்குத் தூங்கிவிடுகிறார். அப்படியானால் கோளாறு ஆள் மேல் இல்லை, மணி மேல்தான் இருக்கிறது. நாளையிலிருந்து காலை மூணு மணிக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்று அங்கேயே தீர்மானம் எழுதினார். சாயங்காலம் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். மூணு மணிக்குத் தவறாமல் முழித்துவிடுவேன் என்று பூதத்தான் சத்தியம் செய்தார். எத்தனை வருஷத்து முழிப்பு அது, எங்கே போய்விடும்?

ஊர் இரண்டு மணிக்கே எழுந்துவிட்டது. குடமும் கையுமாகக் குழாயடியில் கூடியது. மூணு ஆயிற்று, மூணேகால் ஆயிற்று, குழாயில் காற்றுகூட வரவில்லை. தலைவர் முன்னே நடக்க, ஊரே பூதத்தான் வீட்டுக்குத் திரண்டது. கதவைத் திறந்து பார்த்தால் மனுஷன் மூக்கில் மெஷினோடு ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு தூங்குகிறார். எழுப்பத்தான் ஆள் ஆஸ்பத்திரியில் இருக்கிறானே.

எழுப்பு அவனை என்றார் தலைவர். இசக்கியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஒரு ஆள் தூங்க, ஊரே முழிச்சிருக்கணுமா?" என்று கேட்டார் தலைவர்.

"பதினோரு வருசமா அவரு முழிச்சிருந்தாரு, ஊரு தூங்கிச்சு. ஒருநாள் மாறிட்டுப் போவட்டும்" என்றாள் அவள்.

கூட்டத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றபடியே தூக்கத்தில் சாமியாடிக்கொண்டு இருந்தார்கள். தண்ணீர் வரும்போது வரட்டும், நாம் போய்க் கொஞ்சம் கண்ணசருவோம் என்று முடிவாயிற்று. ஆனால் யாரும் வரிசையை விடத் தயாராக இல்லை. குடங்கள் குழாயடியில் வரிசையாக நிற்கட்டும் என்றார்கள். குழாயைத் திறந்தே வைத்தால் தண்ணீர் விழுகிற சத்தத்தில் எழுந்துகொள்ளலாம் என்றார் தலைவர். அப்படியே தெருக்குழாய், வீட்டுக்குழாய், பள்ளிக்கூடத்துக் குழாய் ஒன்று விடாமல் திறந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள். இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கியது.

பூதத்தான் ஐந்து மணிக்குக் கண் விழித்தார். தலை கனக்கவில்லை. கண் எரியவில்லை. இசக்கி, நான் தூங்கியிருக்கேனா என்று கேட்டார். தூங்கினீங்க என்று அவள் சிரித்தாள். புது மாப்பிள்ளை மாதிரி நடந்துபோய் மோட்டார் போட்டார். தொட்டி நிறைகிறதைக் கண் கொட்டாமல் பார்த்திருந்து, சரியான நேரத்தில் மோட்டாரை நிறுத்தினார். ஆறு அடிக்க, வால்வை முழுசாகத் திறந்தார். இவ்வளவு சுத்தமாக அவர் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை.

ஏழு மணிக்குத் தலைவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார், முழங்கால் வரை தண்ணீர். எழுந்து வெளியே வந்தால் தெருவில் குடங்கள் வரிசை கலைந்து மிதந்து போகின்றன. ஊரே வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பூதத்தான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தார், வேலை போச்சா தலைவரே என்று கேட்டார்.

தலைவர் சட்டைப்பையிலிருந்து பழைய தீர்மானத்தை எடுத்தார். ஈரத்தை உதறி, எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு வார்டு மெம்பரைத் தொட்டி மேல் ஏறிப் பார்த்துவரச் சொன்னார். ஏறினவர், மேலே ஒரு சொட்டு வழியவில்லை என்று அங்கிருந்தே கத்தினார்.

"தொட்டி வழிஞ்சா வேலை கிடையாதுன்னுதான் எழுதியிருக்கு" என்றார் தலைவர். "தொட்டி வழியலை. ஊருதான் வழிஞ்சிருக்கு. ஊரு வழிஞ்சா வேலை போவும்னு இதுல எங்க இருக்கு?"

பூதத்தானுக்கு வேலை நிலைத்தது. இசக்கியம்மாள் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். இனி ஊரு வழியாமல் பார்த்துக்கொள்ளத் தனி ஆபரேட்டர் வேண்டும் என்று தலைவர் அடுத்த தீர்மானத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே, தென்காசி பஸ்ஸிலிருந்து மூன்று தம்பிகளும் இறங்கினார்கள். வேலை அவர்களுக்கே கிடைத்தது. கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள், கொம்பையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஊருக்கு வால்வு எங்க இருக்கு தலைவரே?"

தலைவர் தண்ணீர் நிற்கிற தெருவைக் காட்டினார். "அதைக் கண்டுபிடிக்கிறதுதான் உங்க மொத வேலை" என்றார்.

கீழத்தெரு முழுக்கத் தோண்டி முடித்துவிட்டார்கள், அங்கே இல்லை. இப்போது பஸ் ஸ்டாண்டைத் தோண்டிக்கொண்டு இருக்கிறார்கள்.