வாயைக் காட்டாத மூளி

ஒரு ஊர்ல ஒரு பொரிகடலைக் கடை. கடைக்குப் பின்னாடி, சாக்கு அடுக்கி வச்சிருக்கிற ரூம்ல ஒரு எலிக் கூட்டம். அதுல ஒருத்தி பேரு மூளி. ஒரு காது கடிபட்டுப் போனதால அந்தப் பேரு. அவளுக்கு மூணு குட்டி. காலை மடக்கு வடிவு, பெரியம்மா மேல போடாதே. கேக்குறியா?

"ம்."

எலிங்களுக்கு ஒரு வழக்கம். வெளிய போயிட்டு யாரு வந்தாலும், "வாயைக் காட்டு"ன்னு மத்ததெல்லாம் மோந்து பாக்கும். ஸுஃப், ஸுஃப். அந்த வாயில என்ன வாசமோ அதுதான் நல்ல தீனி. தின்னவன் நல்லா இருக்கானான்னு ஒண்ணு கூடக் கேக்காது. அறிவு இருக்கா பாரு!

ஒருநாள் மத்தியானம் குட்டிங்களோட பெரியப்பா எலி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து, "ஐயோ, வலிக்குதே"ன்னு உருளுது. அப்போ எல்லாரும் சுத்தி நின்னு என்ன பண்ணாங்க தெரியுமா? வாயை மோந்து பாத்தாங்க. தேங்கா வாசம்! குடுகுடுன்னு ஓடினாங்க. மூளியும் ஓடினா. மூலையில ரோஸ் கலர்ல ஒரு உருண்டை. கடைக்காரர் வச்ச எலி மருந்து அது. மூளி ஒரே ஒரு கடி கடிச்சா. அதுக்குள்ள முன்னாடி தின்ன ரெண்டு எலி தொபுக், தொபுக்குன்னு சாஞ்சுது. அப்போதான் அவளுக்கு உறைச்சுது.

"துப்பிட்டாளா?"

முழுங்கிட்டாளே. எலிக்கு வாந்தியும் வராதுடி.

வயிறு எரியுது. ஆனா தனக்கு என்ன ஆகுமோங்கிற பயம் இல்ல, குட்டிங்களை நெனச்சுத்தான் பயம். வளைக்குப் போனா குட்டிங்க வாயை மோந்து பாக்கும், நேரா உருண்டைக்கு ஓடும். திங்காதேன்னு சொன்னாலும் கேக்காது, அதுங்களுக்கு மூக்குதான் எல்லாம். போகலைன்னா பசியில வெளிய வந்து பெரியப்பா வாயை மோந்து பாக்கும்.

அப்புறம் ஓடிப்போய் சாக்கடைத் தண்ணியில வாயை அலசினா. சளப், சளப். கையில ஊதி மோந்து பாத்தா. தேங்கா வாசம். அப்புறம் வேப்பிலையை மென்னா. ஃபூ. தேங்கா வாசம். அப்புறம் அடுப்புச் சாம்பல்ல மூஞ்சியைப் புதைச்சா. ஃபூ. போகவே இல்ல, பாவி வாசம்!

"அப்புறம்?"

வாலை முன்னாடி விட்டு, பின்பக்கமாவே வளைக்குள்ள நுழைஞ்சா. மூஞ்சி வெளிய, உடம்பு உள்ள. வளை அடைபட்டுப் போச்சு. குட்டிங்க பால் குடிச்சுட்டு, "அம்மா, வாயைக் காட்டு"ன்னு முட்டுது. "காட்ட மாட்டேன் போ." "காட்டும்மா!" பிராண்டுது, அழுவுது. அவ அசையல. ரெண்டு பகல், ரெண்டு ராத்திரி, பச்சைத் தண்ணி கூடப் பல்லுல படல. பாலும் வத்திப்போச்சு. கேக்குறியா?

"ம்... செத்துட்டாளா?"

இல்லடி, ஒரே ஒரு கடிதானே, பொழச்சுக்கிட்டா. மூணாம் நாள் கையில ஊதிப் பாத்தா. ஒரு வாசமும் இல்ல. அப்போதான் திரும்பி உக்காந்து, "இந்தா, பாருங்க"ன்னா. ஸுஃப், ஸுஃப், ஸுஃப். "என்னம்மா, ஒண்ணுமே இல்ல?" "அம்மா ஒண்ணும் சாப்பிடலடா."

அப்புறம் பசியோட மூணும் வெளிய போச்சு. மூலையில அந்த உருண்டை அப்படியே இருக்கு. மூளி வளை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கா. மூணுல பெருசு கிட்டப் போய் மோந்துச்சு. "இது அம்மா வாயில இல்லையே"ன்னுட்டுத் தாண்டிப் போச்சு. மத்த ரெண்டும் அது பின்னாடியே போச்சு.

கதை வளைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ.